யானைப்படைக்குப் புது மணை

கணுக்கால்தான் போகும். எப்பவும் கணுக்கால்தான். மெதுவா, இஞ்ஞாசி, உனக்கு நீயே சொல்லிக்கோ, பிளேடைப் படுக்கப் போட்டுப் பிடி, நெம்பாத, உள்ள விட்டு அறு, அறு, ஆங், இந்தா வந்துட்டான். ஈயத்துல வார்த்த ஆளு, ஒரு இஞ்சு உசரம், ஒரு கையில கேடயம், ஒரு கையில ஈட்டி, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால ஆப்பிரிக்காவுல இருந்து வந்து ரோமாபுரிக்காரனை அடிச்சு நொறுக்கின கார்த்தேஜ் நாட்டுச் சிப்பாய், இப்ப தூத்துக்குடியில என் மேசை மேல நிக்க மாட்டாம மல்லாக்க விழுதான். காலுக்கு அடியில இருந்த சதுர அட்டை தனியா என் கையில. இதுக்கு இங்கிலீஷ்ல பேஸுன்னு பேரு, எங்க வீட்டுல மணை. என் பொண்டாட்டி சலேத்து வச்ச பேரு. கல்யாண மாப்பிள்ளை கணக்கா இவனுகளும் மணை போட்டாத்தான் நிப்பானுகன்னு சொல்லுவா. கல்யாணமான காலத்துல இருந்து ஆளுக்கொரு மணை, விரலால ஒவ்வொருத்தனா எடுத்து வச்சு நாங்க ரெண்டு பேரும் இந்த மேசையில சண்டை போடுவோம், பகடை உருட்டி, ஸ்கேல் வச்சு அளந்து, அவ கார்த்தேஜு, நான் ரோமாபுரி. இன்னைக்கு அவ படையை மட்டும் பிச்சுப் பிச்சு, எட்டு எட்டுப் பேரா ஒரே பெரிய மணையில சேத்து ஒட்டுதேன். ஒரு மாசமா திருட்டுத்தனமா நடக்கு இந்த வேலை, அவ பிசியோதெரபிக்குப் போற நேரத்துல மட்டும். இன்னைக்குக் கடைசி. இந்த ஒரு வரிசையும் யானையும்தான் பாக்கி. சாயங்காலம் மக ஜெனோவா அவளை ஆட்டோவுல கூட்டிட்டு வந்துருவா, வந்த உடனே கேட்டுரணும், சலேத்து, வா, ஒரு ஆட்டம் போடுவோம். அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு, பொண்டாட்டிகிட்ட பேசதுக்கு ஒத்திகை பாக்கேன், கேவலம். ஆனா வாதம் வந்து சோத்தாங்கை விழுந்ததுல இருந்து அவ இந்த ரூமுக்குள்ள காலே வைக்கல. சமையக்கட்டுக்குப் போறா, மாதா படத்துக்கு முன்னால உக்காருதா, வாசல்ல போயி ரோட்டைப் பாக்கா, இந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிடுதா. கேட்டு அவ மாட்டேன்னுட்டா, பெறவு கேக்க முடியாது. ஒரு தடவை வேண்டாம்னு சொன்னதை அவ மாத்தினதா சரித்திரமே கிடையாது.

அடுத்தவன் வா. இவன் அட்டை வர மாட்டேங்கு, தண்ணியில இன்னும் ஊறணும், அந்தக் காலத்துப் பெவிகால். பச்சைப் பெயிண்டுக்கு அடியில என்னமோ எழுத்து தெரியுது, கண்ணாடியை ஏத்திப் பாப்போம், 'மணமக்களை வாழ்த்தி', அட, கல்யாணப் பத்திரிகை! ஆமா, அப்ப நல்ல கனமான அட்டைக்கு எங்க போறது, ஊருல யாரு கல்யாணம் முடிஞ்சாலும் மறுநா பத்திரிகையை எடுத்து வெட்டிருவேன், சலேத்து ஏசுவா, பேரு இருக்க எடத்தையாவது விட்டு வெட்டுங்க அத்தான், நல்லா இருக்க வேண்டிய பிள்ளைகன்னு. நான் கேட்டாத்தான. யாரோ ஒரு ஜோடி மேல ஒரு ஆப்பிரிக்காக்காரன் இத்தனை வருஷமா மிதிச்சுக்கிட்டு நிக்கான், அதுக சண்டை சச்சரவு இல்லாம இருக்குதுகளோ என்னமோ, மாதாவே, நான் வேணும்னு செய்யல. மத்தவன் எல்லாம் கப்பல்ல இருந்து இறங்கினா டேப்ரிக்கார்டர் வாங்குவான், சேலை வாங்குவான். நான் என்ஜின் ரூம்ல சம்பாதிச்சதைக் கொண்டு போயி இங்கிலாந்துல ஹல் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு கடையில ஈய ஆளா வாங்கினேன். மழைக்கு ஒதுங்கின கடை. கண்ணாடிக்கு உள்ள யானை நின்னுச்சு. இம்புட்டூண்டு யானை, அதும் மேல ஒரு கூண்டு, கூண்டுக்குள்ள ரெண்டு பேர். நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணு வெளிநாட்டுல தனியா நிக்கதைக் கண்ட மாதிரி ஆயிப் போச்சு எனக்கு, வாங்கிட்டேன். வீட்டுல அம்மா தலையில கையை வச்சா, கல்யாணம் ஆகப் போறவன் பொம்மை வாங்கிட்டு வந்திருக்கான்னு. சலேத்து என் மாமன் மக, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர், கட்டிக்கிட்டு வந்த புதுசுல நான் லீவுல இருக்கும்போது தனியா உக்காந்து ரெண்டு படையையும் நானே ஆடுவேன், அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, இருந்துட்டுக் கேட்டா, "அத்தான், ரெண்டு பக்கமும் நீங்களே ஆடினா யாரு தோக்கது?" ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதுத்தாப்புல உக்காந்தா. யானை வச்சிருக்கவங்க எவங்களோ அவங்கதான் நான்னா. போட்டாளே ஒரு போடு! மூணாவது ஆட்டத்துல என் ரோமாபுரி மண்ணைக் கவ்வுச்சு. சும்மா சொல்லக் கூடாது, அவ சண்டை போடுத விதமே வேற, நான் விதி பொஸ்தகத்தைப் பாத்து ஆடுதவன், அவ என் மூஞ்சியைப் பாத்து ஆடுதவ. அத்தான், நீங்க குதிரையை நகத்தப் போறீங்க, காதைச் சொறியுதீங்களேன்னுவா.

இடது வலதுன்னுதான் அப்ப தினமும் சண்டை. எதிரெதிரா உக்காந்தா என் இடது அவளுக்கு வலதுல்லா, இடது பக்கம் வாரேன்னு சொல்லிட்டு வலது பக்கம் வந்துட்டீங்க, ஏமாத்துதீங்கன்னு ஒரே கத்தல், ரெண்டு நாள் பேசாம இருந்தோம், அதுக்குப் பெறவு அவளே ஒரு வழி பண்ணினா. "கடப்பக்கம், ரோட்டுப்பக்கம். முடிஞ்சு போச்சு." கிழக்கு ஜன்னல் கடப்பக்கம், மேக்குச் சுவர் ரோட்டுப்பக்கம். இந்த வீட்டுல இருந்து கடல் தெரியாது, உப்புக் காத்துதான் வரும், ஆனாலும் கடப்பக்கம். பெறவு எங்களுக்கு எல்லாமே அப்படித்தான், கடப்பக்கத்துத் தலைகாணியை எடுங்க, உங்க ரோட்டுப்பக்க மீசையில சோறு ஒட்டிருக்கு. வந்தவங்க முழிப்பாங்க. இப்ப அந்தப் பிசியோதெரபிப் பொண்ணு, நல்ல பிள்ளைதான், பொறுமைசாலி, லெஃப்ட் ஹேண்ட் தூக்குங்கம்மா, ரைட் ஹேண்ட் தூக்குங்கம்மான்னு சொல்லுது, சலேத்து எதையும் தூக்காம அந்தப் பிள்ளை மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு நாள் நான் கூடப் போயிருந்தேன். நான்தான் சொன்னேன், சலேத்து, கடப்பக்கம் தூக்கு. தூக்கினா! பொசுக்குன்னு தூக்கினா. அந்தப் பிள்ளை என்ன சார் சொன்னீங்கன்னு கேட்டுச்சு, நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன், வெக்கமில்லாம மூக்கைச் சிந்திச் சிந்தி. அந்த ஆஸ்பத்திரியில கடல் எந்தப் பக்கம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா, ஜன்னலே இல்லாத ரூமு. அப்பத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது, ஆட்டம் அவளுக்குள்ளதான் இருக்கு, கைதான் இல்ல, மணையை மாத்தினா வந்துருவா. அடுத்த தடவை அவ ஆஸ்பத்திரிக்குப் போன உடனே தகரத் தகட்டை வெட்ட ஆரம்பிச்சேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தி முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு உருண்டை பிடிச்சுக்கிட்டு இருந்தா, அப்பத்தான் வாதம் வந்தது. நல்லாப் பேசிக்கிட்டே இருந்தவ, கையில இருந்த உருண்டை தரையில விழுந்துச்சு, அதைக் குனிஞ்சு பாத்தா, ஏன் விழுந்துச்சுன்னு கேக்க மாதிரி என்னைப் பாத்தா. வாய் கோணி. போதும், அதை நினைக்காத, வேலையைப் பாரு. எத்தனை பேரு ஆச்சு, ஆறு, இன்னும் ரெண்டு பேரு இந்த மணைக்கு. பேச்சும் போச்சு முதல்ல. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்த வாயி. பெறவு ஒண்ணு ஒண்ணா வருது, முதல்ல வந்தது வேண்டாம், அடுத்தது சவம். சவம்னு நல்லாத் தெளிவா வருது, கோவம் வந்தா போதும், டாக்டரு சிரிக்காரு, ஏச்சு வார்த்தை மட்டும் தலைக்குள்ள வேற எடத்துல இருக்குமாம். ஆனா அவளை ஒடைச்சது பேச்சு இல்ல. சோத்தாங்கைதான். பீச்சாங்கையால ஒருத்தருக்கு ஒரு சாமான் குடுத்தா அவளுக்கு ஆகாது, ஜெனோவா சின்னப் பிள்ளையில கடைக்காரர்ட்ட பீச்சாங்கையை நீட்டி மிட்டாய் வாங்கினான்னு நடுரோட்டுல வச்சுப் பட்டுன்னு ஒண்ணு போட்டா. நான் பீச்சாங்கையால பகடையை நீட்டினாலே வாங்க மாட்டா, கையை மாத்துங்க அத்தான்னுவா, விளையாட்டுல கூட. அப்படிப்பட்டவளுக்கு மிச்சம் இருக்கது அந்தக் கை மட்டும். கோயில்ல யாராவது கும்பிட்டா ஒத்தைக் கையால எப்படிக் கும்பிடன்னு தலையைக் குனிஞ்சுக்கிடுதா. யாரு கையில இருந்தும் ஒண்ணும் வாங்க மாட்டேங்கா, மேசை மேல வைங்கன்னு கண்ணைக் காட்டுதா, நாங்க அந்தாண்ட போன பெறவு எடுக்கா. ஜெனோவா பாசமாத்தான் ஒரு ஸ்பூன் வரவழைச்சா, வாதக்காரங்களுக்குன்னே செஞ்சதாம், கைப்பிடி வாழக்காய் தண்டிக்கு, பிடிக்கதுக்கு லேசா. சலேத்து அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. சவம்னா. ஸ்பூன் சுவத்துல போயி விழுந்துச்சு. மத்தியானம் நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன், எங்களை மாதிரி சாதா ஸ்பூனையே பீச்சாங்கையில பிடிச்சு, முக்கால்வாசி சோறு மடியில கொட்ட, யாரும் பாக்கலைன்னு நினைச்சு ஒரு மணி நேரம் சாப்பிடுதா.

இப்ப நான் செஞ்சு வச்சிருக்கது என்ன? கைப்பிடி. ஆமா, மூடி மறைச்சு என்ன ஆகப் போவுது. எட்டுப் பேரை ஒரே தடவையா தூக்கணும்னா பிடிக்க ஒண்ணு வேணும்லா, இழுப்பறைக்குப் போடுத குமிழை வாங்கி மணைக்குப் பின்னால திருகினேன், பாத்தேன், அச்சு அசல் அந்த ஸ்பூன். ராத்திரி தூக்கம் வரல. மறுநா அவ போன பெறவு குமிழைக் கழட்டிட்டு ஒரு பெரிய ஆணியை அடிச்சு, அதுல கயிறு சுத்தி, பிசின் தடவி, மண்ணு தூவி, உச்சியில ஓலை வெட்டி ஒட்டி, பனைமரமாக்கிட்டேன். நல்லாத்தான் வந்திருக்கு, நானே சொல்லக் கூடாது. ஒவ்வொரு மணைக்கும் பின்னால ஒரு பனைமரம். படை எங்க போனாலும் பனைமரமும் கூடவே நடந்து போகும்! ஏலே இஞ்ஞாசி, இதைக் கண்டு எந்தப் பைத்தியக்காரனாவது மரம்னு நம்புவானா? அவ நம்புவாளா, டெலிபோன்ல மூச்சு விடுத சத்தத்தை வச்சே ஆளைச் சொல்லுதவ? கேட்டா என்ன சொல்ல. புது விதி வந்திருக்கு சலேத்து, இப்ப உலகம் பூரா இப்படித்தான் ஆடுதாங்க, பெரிய மணைதான். அது பொய்யும் இல்ல, இப்ப நெறைய பேரு அப்படித்தான் ஆடுதாங்க, இன்டர்நெட்டுல போட்டிருக்கான். அப்ப உங்க ரோமாபுரிக்காரனுக்கு ஏன் மாத்தலைன்னு கேட்டா? நேரம் இல்ல. ஒரு மாசமா நேரம் இல்லையான்னு கேட்டா? கேக்க வாய் வராது அவளுக்கு, ஐயோ, என்ன நினைப்பு இது, வாய் வராததை நம்பிப் பொய் சொல்லப் பாக்கேனே, சவத்துப் பய நான். உண்மையைச் சொல்லிருவோமா. உனக்காகத்தான் செஞ்சேன். அது இன்னும் மோசம், அதைக் கேட்டா உடனே எந்திரிச்சுப் போயிருவா. சரி, ஒண்ணும் சொல்லாத, படையைப் பரப்பி வச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இரு.

யானை. பெறவு வாங்கின இன்னொண்ணையும் சேத்து ரெண்டு யானை, மணைக்கு ஒண்ணு. தும்பிக்கை மடக்குல பெயிண்டு உதிந்திருக்கு, சாம்பல் கலர் கொஞ்சம், ரொம்ப இல்ல, பிரஷ்ஷை நாக்குல வைக்காத, டாக்டர் சொல்லிருக்காரு. பழைய ஈயம், அங்கங்க வெள்ளையா மாவு பூத்திருக்கு, துணியால துடைச்சு வார்னிஷ் பூசினா நிக்கும். விசிறிக் காத்து வேற. அமத்திருவோம். ஜன்னலையும் சாத்தணும், ஆடிக் காத்து தூசியைக் கொண்டாந்து ஈரப் பெயிண்டு மேல கொட்டிரும். தேரி மண்ணு எங்க, இந்த டப்பாவுல. பசை தடவி, மேல தூவி, தட்டிரு, ஆங், நல்ல செக்கச் செவேல்னு, ஆப்பிரிக்கா எனக்குத் தெரியாது ஆனா நம்ம பக்கத்துத் தேரிக்காட்டு மணல் மேடு தெரியும். ஒரு தடவை முத்துநகர் பீச் மண்ணை அள்ளிட்டு வந்து போட்டேன், கழுவாம. மறு மாசம் பாத்தா எல்லா ரோமாபுரிக்காரனுக்கும் முழங்கால் வரைக்கும் உப்பு பூத்திருக்கு. சலேத்து விழுந்து விழுந்து சிரிச்சா, ஊரைச் சுத்தி உப்பளத்தை வச்சுக்கிட்டு இது கூடத் தெரியலையா அத்தான், கப்பல்ல என்னதான் படிச்சீங்க. அந்தச் சிரிப்பு. தொண்டையில இருந்து வராது, வயித்துல இருந்து வரும், பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. அது வந்து எத்தனை நாளாச்சு. எனக்குப் பயம் அவ வராம இருக்கது மட்டும் இல்ல. சொல்லிரு, உனக்கு நீயே சொல்லிக்கிட என்ன வெக்கம். அவ வந்து உக்காந்து, படையைப் பாத்து, ஒண்ணும் புரியாம முழிச்சா? போன வாரம் ஜெனோவாவை என் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. செவ்வாய்க்கிழமையை வியாழன்னா. டாக்டரு புத்தி நல்லா இருக்கு, வார்த்தைதான் மாறி விழுதுன்னு சொல்லுதாரு, ஆனா அவரு அவகூட ஒரு ஆட்டமாவது ஆடிருக்காரா, அவருக்கு என்ன தெரியும். ஒருவேளை அவளுக்கும் அதே பயமோ. மறந்து போயிருக்குமோன்னு பயந்துதான் இந்தக் கதவைப் பாக்காம போறாளோ. அப்படின்னா நான் எவ்வளவு பெரிய பாவி, அவ மறைச்சு வச்சிருக்க பயத்தைப் பிடிச்சு இழுத்து மேசை மேல போடுதேன். ஏன் சும்மா இருக்கக் கூடாது. டிவி இருக்கு, செபமாலை இருக்கு, பேரன் பேத்தி வருவாங்க, நல்லா இருக்கலாம்லா ரெண்டு பேரும், இந்த ஈயத்தை ஒரு பிஸ்கட் டின்னுல போட்டுப் பரண்ல ஏத்திட்டா தீந்துச்சு. ஆட்டோச் சத்தம். இல்ல, எதுத்த வீட்டுக்கு. டின் எங்க, இப்பவே எல்லாத்தையும் அள்ளிரலாம், இன்னும் நேரம் இருக்கு, யானை காயல ஆனா பரவாயில்ல. அள்ளு. கை அள்ள மாட்டேங்கு. இந்தக் கூண்டுக்குள்ள நிக்க ரெண்டு பேருக்கும் கண்ணு அவதான் வச்சா, ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி, தையல் ஊசி முனையில மையைத் தொட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, என்னால முடியாதுன்னு வாங்கிட்டுப் போயி வச்சா. இவனுகளைப் பரண்ல ஏத்த முடியாது. பரப்பு, இஞ்ஞாசி, சீக்கிரம் பரப்பு. அவளுக்கு ஏழு மணை கடப்பக்கத்துல இருந்து, யானை முன்னால. என் ரோமாபுரி வழக்கம் போல ஒத்தை ஒத்தையா, மூணு வரிசை. ஸ்கேல். பகடை. நாற்காலி ரெண்டும் எதிரெதிரா. கேட் கிறீச்சிடுது.

ஜெனோவா குரல் முதல்ல. "அப்பா, காபி போடட்டா? அம்மா இன்னைக்கு நல்லா நடந்தா, கேட்டியளா, வராந்தா பூரா நடந்துட்டா." அதுக்குப் பின்னால இழுத்து இழுத்து வார காலு. நான் வாசப்படியில போயி நின்னேன், கையெல்லாம் சாம்பல் பெயிண்டு, ஒத்திகை பாத்த ஒரு வார்த்தையும் நாக்குல இல்ல. சலேத்து என்னைப் பாத்தா. என் கையைப் பாத்தா. "என்ன," அப்படின்னா. அவ்வளவுதான் நான் சொன்னது: "வாயேன்." ஆட்டம்னு சொல்லல, ஒண்ணும் சொல்லல. அவ கதவைப் பாத்தா, தரையைப் பாத்தா, ஜெனோவா சமையக்கட்டு வாசல்ல டம்ளரோட நிக்கா. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, வேண்டாம்னு சொல்லிருவா, இந்தா சொல்லப் போறா, உதடு குவியுது. குவிஞ்ச உதட்டோடயே உள்ள வந்துட்டா. கடக்காலை முன்ன வச்சு, ரோட்டுக்காலை இழுத்து, சுவத்தைப் பிடிக்காம, நான் நீட்டின கையையும் பிடிக்காம. மேசைகிட்ட நின்னு பாத்தா. பனைமரத்தைப் பாத்தா. ஒவ்வொண்ணா பாத்தா, கடைசி மரம் வரைக்கும், நான் அந்த நேரத்துல செத்துப் பொழச்சேன். ஒரு விரலால ஒரு மரத்து ஓலையை ஆட்டினா. வயித்துக்குள்ள இருந்து என்னமோ வந்துச்சு, சிரிப்புன்னு சொல்லவும் முடியாது, இருமல்னு சொல்லவும் முடியாது. பெறவு தன் நாற்காலியைத் தாண்டி மேசையைச் சுத்தி நடந்தா. எங்க போறா. என் நாற்காலி. என் நாற்காலியில உக்காந்துட்டா.

"சலேத்து, அது என் பக்கம்." மறந்துட்டா. எது யாரு பக்கம்னு மறந்துட்டா, அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு, ஏன் கூப்பிட்டேன் மாதாவே. அவ என்னை நிமிந்து பாத்தா, நான் பைத்தியக்காரன்ங்க மாதிரி. பீச்சாங்கையைத் தூக்கி என் ரோமாபுரி வரிசையைக் காட்டினா. "இது... எனக்கு." மூச்சு விட்டா. வார்த்தை தேடினா, நான் எடுத்துக் குடுக்கல, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். "மரம்... நீங்க... வச்சுக்கோங்க." சமையக்கட்டு வாசல்ல ஜெனோவா பொத்துக்கிட்டுச் சிரிச்சுட்டா. எனக்குச் சிரிக்கவும் வரல, அழவும் வரல, அப்படியே அவ நாற்காலியில, கடைசியில அவ நாற்காலியில நான், பொத்துன்னு உக்காந்தேன். ஒரு மாசமா பிச்சுப் பிச்சு ஒட்டினது. அவளுக்கு லேசா இருக்கட்டும்னு. அவளுக்கு வேண்டியது லேசு இல்ல போலுக்கு. அவளுக்கு வேண்டியது ஒத்தை ஒத்தையா நிக்க ஆளு. எனக்கு இது ஏன் தோணாம போச்சு, சாதா ஸ்பூனை அவ பிடிச்சதைக் கண்ணால பாத்துட்டும்.

கடப்பக்க ஓரத்துல நிக்கவனை எடுக்கப் போறா. ரெண்டு விரல் கிட்ட போகுது, நடுங்குது, பக்கத்துல நிக்கவனைத் தட்டிவிட்டுருது. நான் கையை நீட்டினேன், என்னையறியாம நீட்டிட்டேன். "தொடாதீங்க." கணீர்னு வந்துச்சு, எக்ஸ்சேஞ்சுக் குரல். கையை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். விழுந்தவனை அவளே நிமித்தி வச்சா, அவன் மறுபடி விழுந்தான், மறுபடி வச்சா, சவம்னா, மறுபடி வச்சா, நின்னான். ஸ்கேலைத் தள்ளி அளந்தா. ஒருத்தன் முன்னால போனான். அடுத்தவன். ஜெனோவா கொண்டாந்து வச்ச காபி ஆடை கட்டிருச்சு, விளக்கைப் போட்டா, போயிட்டா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், முதல்ல விரலை, நாக்கை ஓரத்துல கடிச்சுக்கிட்டு அவ பிடிக்க பிடியை, அதைப் பாக்கதுல எங்க வைக்கான்னே கவனிக்கல. பெறவுதான் கவனிச்சேன். கடப்பக்க ஓரம் முன்னால வந்திருக்கு. ரோட்டுப்பக்க ஓரமும் முன்னால வந்திருக்கு. நடுவுல ஒருத்தனையும் தொடல, விட்டு வச்சிருக்கா, வா, வந்து நடுவுல விழுன்னு என் யானைக்கு வாயைத் தொறந்து வச்சிருக்கா. அடிப்பாவி! இந்த வாசல்ல கால் வைக்கும்போதே யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கா, என் கூட, என் ஆளுகளை வச்சே, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே. நான் காதைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கேனோன்னு கையைப் பாத்தேன். புத்தி அங்கயே இருக்கு, டாக்டரே, முழுசா இருக்கு, ஒரு துளி குறையல! கண்ணு கலங்கி மேசை தெரியல எனக்கு.

என் முறை. அவ கையை மடியில வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்கா. இந்த யானை ரெண்டையும் அந்த வாய்க்குள்ள ஓட்டினா அவ ஜெயிச்சுருவா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால ஜெயிச்சுருவா, ஜெனோவாகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம், எவ்வளவு சந்தோஷமா இருக்கும். ஓட்டலாம். எவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரிஞ்சுரும், என் மூஞ்சியைப் பாத்தா போதும், இந்த ஆளு எனக்கு விட்டுக் குடுக்கான்னு, அதோட எந்திரிச்சுருவா, பெறவு எந்த மாதாவாலயும் அவளை இங்க கூட்டிட்டு வர முடியாது. இந்த வீட்டுல எல்லாரும் அவளுக்கு விட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கோம், வாதம் வந்த நாள்ல இருந்து, சத்தம் போடாம, எதுத்துப் பேசாம. ஏசுவே, நான் தோக்கணும், நல்லா அடி வாங்கித் தோக்கணும், ஆனா விட்டுக் குடுத்துத் தோக்க வச்சுராதிய. ரெண்டு யானையையும் தூக்கி, கடப்பக்க ஓரத்துல அவ இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டு நிறுத்தின ஆளுகளைக் குறி வச்சு நேரா விட்டேன். அவ யானையைப் பாத்தா. என்னைப் பாத்தா. பழைய கோவம், பளிச்சுன்னு, கண்ணு ரெண்டும் முழிச்சுக்கிச்சு, உதட்டு ஓரம் மட்டும் மேல ஏறுது. நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமா இழுத்துப் போட்டா.

பீச்சாங்கையை என்கிட்ட நீட்டி, "பகடையத் தாங்க," அப்படின்னா.